விலை பேசப்பட்ட பெண் கண்ட பெறுமதி
புனித ஜோசபின் பக்கீத்தாவின் வாழ்க்கை

எமது கல்லூரி அன்னையின் நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, நோயைப் பற்றி எழுதுவதிலும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதுவதே நல்லது என்று எண்ணினேன். தலையிடி, முதுகுநோ, நித்திரையின்மை என்று வைத்தியரிடம் வரும் பெண்கள் பலரிடம், பரிசோதனைகள் எல்லாம் முடிந்த பின்னர் மெல்ல வெளிவருவது வேறொரு நோவு. தன்னை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை, தான் இருந்தாலும் ஒன்று இல்லாவிட்டாலும் ஒன்று என்ற நோவு. அதற்கு மருந்துச்சீட்டு எழுத முடியாது. அத்தகைய பொழுதுகளில் என் நினைவுக்கு வருபவர் பக்கீத்தா.

சூடான் நாட்டின் மேற்கே டார்பூர் பகுதியில், ஒல்கொசா என்னும் கிராமத்தில், ஏறத்தாழ 1869ஆம் ஆண்டு அவர் பிறந்தார். பெற்றோர், சகோதரர்கள் என்று அன்பான குடும்பம். வானத்துச் சூரியனையும் சந்திரனையும் நட்சத்திரங்களையும் பார்த்து, இவற்றுக்கெல்லாம் எசமான் யாராக இருக்கும், அவரை ஒருமுறை காணவேண்டுமே என்று சிறுவயதில் தான் ஏங்கியதாகப் பிற்காலத்தில் அவர் கூறியிருக்கிறார். அடிமை வியாபாரிகள் அவருடைய அக்காவை முதலில் கடத்திச் சென்றனர். பின்னர் ஏழு, எட்டு வயதளவில் அவரும் பிடிபட்டார். கடத்தியவர்கள் பெயரைக் கேட்டபோது அச்சத்தில் வாய் திறக்க முடியவில்லை. அவர்களே பக்கீத்தா என்று பெயர் வைத்தார்கள். அரபு மொழியில் அதற்கு அதிர்ஷ்டசாலி என்று பொருள். தாய் தந்தையர் இட்ட பெயர் பிறகு ஒருபோதும் அவருக்கு நினைவு வரவேயில்லை. பேரச்சம் ஒரு பிள்ளையின் ஞாபகத்தை என்ன செய்யும் என்பதை, யுத்தகாலத்தில் வளர்ந்த எமது தலைமுறைக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வெறுங்காலுடன் நெடுந்தூரம் நடத்திச் செல்லப்பட்ட அவர், எல் ஒபெய்த், கார்ட்டூம் சந்தைகளில் பலமுறை விற்கப்பட்டார். ஒரு வீட்டில் எசமானின் மகன் அடித்த அடியில் ஒரு மாதத்துக்கு மேல் பாயிலிருந்து எழும்ப முடியவில்லை. பின்னர் துருக்கியத் தளபதி ஒருவரின் வீட்டுக்கு விற்கப்பட்டார். அங்கே நாள் தவறினாலும் அடி தவறாது. வீட்டு எசமானியின் விருப்பப்படி, அடிமைப் பெண்களின் உடலில் மாவினால் கோலங்கள் வரைந்து, அந்தக் கோடுகளின் வழியே கத்தியால் வெட்டி, காயங்களில் உப்பைத் தேய்த்தார்கள். தழும்பு தடித்துத் தெரியவேண்டும் என்பதற்காகவே உப்பு. பக்கீத்தாவின் நெஞ்சிலும் வயிற்றிலும் வலக்கையிலுமாக 114 வெட்டுகள். ஆறிய பின்னும் அவை சாகும்வரை அவர் உடலில் இருந்தன. உடைமை என்பதற்கான முத்திரை அது. நாம் மாட்டுக்குக் குறி சுடுவதில்லையா, அதுபோல.

1883இல் கார்ட்டூமில் இருந்த இத்தாலியத் துணைத்தூதர் கலிஸ்தோ லெஞ்ஞானி அவரை வாங்கினார். அந்த வீட்டில் சவுக்கு இல்லை. 1885இல் அவர் நாடு திரும்பியபோது, தன்னையும் கூட்டிச் செல்லுமாறு பக்கீத்தா மன்றாடினார். இத்தாலியில் இறங்கியதும் மிக்கியேலி என்ற குடும்பத்தினருக்கு லெஞ்ஞானி அவரைக் கொடுத்துவிட்டார். நல்ல மனம் உள்ளவர்களின் கைகளிலும் அவர் கைமாறும் ஒரு பொருளாகவே இருந்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவர்களுடைய குழந்தை மிம்மினாவைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அக்குழந்தையை அவர் உயிராய் நேசித்தார்.

மிக்கியேலி குடும்பத்தின் சொத்துகளைப் பராமரித்த இல்லுமினாத்தோ கெக்கினி என்பவர் ஒருநாள் பக்கீத்தாவுக்கு ஒரு சிறிய வெள்ளிச் சிலுவையைக் கொடுத்தார். கொடுக்குமுன் அதை முத்தமிட்டு, அதில் இருப்பவர் யார் என்பதையும் சொன்னார். பக்கீத்தா அதை ஒளித்து வைத்து அடிக்கடி எடுத்துப் பார்த்தார். அதற்கு முன் தனக்கென்று ஒரு பொருளும் அவரிடம் இருந்ததில்லை. 1888இன் இறுதியில், மிக்கியேலி அம்மையார் செங்கடல் துறைமுகமான சுவாக்கினில் கணவர் நடத்திய ஹோட்டலுக்குச் செல்லவேண்டி வந்ததால், குழந்தையையும் பக்கீத்தாவையும் வெனிஸ் நகரில் கனோசியன் சபைக் கன்னியரிடம் விட்டுச் சென்றார். அங்கேதான் ஞானோபதேசம் தொடங்கியது. சிறுவயதில் தேடிய எசமானின் பெயரை அவர் அறிந்துகொண்டார். அதுவரை அவர் கண்ட எசமான்களின் கையில் சவுக்கு இருந்தது. இந்த எசமானோ தாமே கசையடி பட்டவர். வெனிஸ் வட்டார வழக்கில் எசமானைக் குறிக்கும் சொல்லாலேயே கடைசிவரை அவர் கடவுளை அழைத்தார்.

அடுத்த ஆண்டு அம்மையார் திரும்பி வந்து, புறப்படு, சுவாக்கினுக்குப் போவோம் என்றார். பக்கீத்தா மறுத்தார். வாழ்நாள் முழுவதும் பிறர் சொன்ன இடத்துக்குப் போனவர், முதன்முறையாக வரமாட்டேன் என்றார். அம்மையார் அழுதார், கோபித்தார், நன்றி கெட்டவள் என்றார். மிம்மினாவைப் பிரிவது பக்கீத்தாவுக்கும் நெஞ்சைப் பிளந்தது. ஆயினும் அசையவில்லை. விடயம் அதிகாரிகளிடம் சென்றது. 1889 நவம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தது. இத்தாலியச் சட்டம் அடிமைமுறையை ஏற்றுக்கொள்ளாததால், சட்டத்தின் கண்ணில் அவர் ஒருபோதும் அடிமையாக இருந்ததில்லை. எங்கே வாழ்வது என்று தாமே முடிவு செய்யலாம்.

அந்தத் தீர்ப்பு அவருக்குப் புதிதாக விடுதலை வழங்கவில்லை. அவரை வாங்கியதும் விற்றதும் ஆரம்பத்திலிருந்தே பொய் என்று சொன்னது. 1890 ஜனவரி 9 அன்று அவர் ஞானஸ்நானமும் உறுதிப்பூசுதலும் முதல் நன்மையும் பெற்றபோது, விசுவாசம் அதே உண்மையை இன்னும் ஆழமாகச் சொன்னது. சந்தையில் நிறுத்தப்பட்ட நாளிலும், பாயில் அசையமுடியாமல் கிடந்த நாளிலும், தன் பெயரையே மறந்த நாளிலும் அவரை மறவாத ஒருவர் இருந்தார். ஞானஸ்நானத் தொட்டியைக் கடந்து போகும்போதெல்லாம் அதை முத்தமிட்டு, இங்கேதான் கடவுளின் மகளானேன் என்று பக்கீத்தா சொல்வாராம்.

1896 டிசம்பர் 8இல் அவர் கனோசியன் சபையில் வார்த்தைப்பாடு கொடுத்தார். 1902 முதல் ஸ்கியோ என்ற சிறு நகரின் மடத்தில் சமையல், தையல், கோவில் பணி, வாசற்காவல் என்று ஏறத்தாழ 45 ஆண்டுகள். பெரிய பதவி எதுவும் வகித்ததில்லை. கதவைத் தட்டும் பிள்ளைகளின் தலையில் கைவைத்து அன்பாகப் பேசுவார். ஊரார் அவரைக் கறுப்பு மதர் என்று செல்லமாக அழைத்தனர். 1931இல் அவர் கதை நூலாக வந்ததும் பார்க்க வந்தோர் பலர். வேடிக்கைப் பொருளாவது அவருக்குக் கூச்சமாக இருந்தாலும், கீழ்ப்படிந்து ஊர் ஊராகச் சென்று பேசினார்.

தன்னைக் கடத்தியவர்களைக் கண்டால் முழந்தாளிட்டு அவர்களின் கைகளை முத்தமிடுவேன், அவர்கள் இல்லாவிட்டால் நான் கிறிஸ்தவளாகியிருக்க மாட்டேன் என்று அவர் சொன்னது பிரசித்தம். வைத்தியராக இங்கே ஒன்று சொல்லவேண்டும். அடிபடும் பெண்ணிடம் பொறுத்துப் போ என்று சொல்வதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. பக்கீத்தா மன்னித்தார், ஆனால் திரும்பிப் போகவில்லை. வரமாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவரின் மன்னிப்பு அது.

விசுவாசம் காயங்களை அழித்துவிடும் என்றும் நான் எழுதமாட்டேன். கடைசி ஆண்டுகளைச் சக்கர நாற்காலியில் கழித்த அவர், மரணப் படுக்கையில் நினைவு தடுமாறியபோது மறுபடியும் அடிமைச் சிறுமியானார். சங்கிலி பாரமாக இருக்கிறது, சற்றுத் தளர்த்திவிடுங்கள் என்று பராமரித்த சகோதரியிடம் கெஞ்சினார். உடல் எதையும் மறப்பதில்லை. 1947 பெப்ரவரி 8 அன்று, தேவமாதாவை அழைத்தபடி, சகோதரிகள் சூழ்ந்திருக்க உயிர் பிரிந்தது. 2000 ஒக்டோபர் 1இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். அவர் திருநாளான பெப்ரவரி 8ஐ, ஆட்கடத்தலுக்கு எதிரான செபநாளாகத் திருச்சபை அனுசரிக்கிறது. வீட்டுப் பணிப்பெண்களாகக் கடல் கடந்து போகும் எங்கள் நாட்டுப் பெண்களையும் அன்று நினைப்பது பொருந்தும்.

அன்புச் சகோதரிகளே, எம்மை யாரும் சந்தையில் நிறுத்தவில்லை. ஆனால் நிறம் குறைவு என்று ஒதுக்கப்பட்டவர்களும், சீதனம் பேசும் விறாந்தையில் விலை பேசப்பட்டவர்களும், பிள்ளை இல்லை என்று சபையில் பின்தள்ளப்பட்டவர்களும், அந்நிய தேசத்தில் பிறர் வாய்க்கு ஏற்பத் தம் பெயரைச் சுருக்கிக்கொண்டவர்களும் எம்மிடையே உண்டு. சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படித்த கல்லூரி இது. எல்லோருக்கும் பக்கீத்தாவின் செபம் ஒன்றாக இராது. ஆயினும் அவர் கண்டது எல்லோருக்கும் உரியது. பிறர் போட்ட விலை எமது பெறுமதி அல்ல. அவர்கள் விலை பேசத் தொடங்குமுன்பே அது எம்மிடம் இருந்தது. அடுத்த ஒன்றுகூடலில் மண்டபத்தின் மூலையில் தனியே இருக்கும் ஒரு பழைய மாணவியைக் கண்டால், அருகே போய் அவளை முழுப்பெயர் சொல்லி அழையுங்கள்.