உழைப்பை எண்ணி ஆராய்ந்த அண்ணல்

அண்ணல் அம்பேத்கர் என்றதும் அரசியல் சட்டம் வகுத்த மேதையையே நம் இளைஞர்கள் நினைவுகூர்கின்றனர். அவர் பொருளியல் பேரறிஞராகவும் விளங்கினார். அச்சிறப்பையே ஈண்டு நாம் எடுத்துரைக்க விழைகிறோம்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் நகரில் பிறந்த பீமராவ், பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் புகுந்தார், 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916இல் இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் மறு ஆண்டே தாயகம் திரும்பினார்.

1918இல் இந்தியாவின் சிறு நிலவுடைமை குறித்து ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். துண்டு நிலங்களைச் சேர்த்துப் பெரிதாக்கினால் உழவு செழிக்கும் என அந்நாளில் அறிஞர் பலர் கருதினர். அண்ணலோ புள்ளிவிவரங்களைக் கொண்டு ஆராய்ந்தார். நிலத்தின் பரப்பை முதல், கருவி, உழைப்பு ஆகியவற்றோடு இணைத்தே நோக்க வேண்டும் என்றார். நிலத்தை நம்பியிருப்போர் அளவுக்கு மிஞ்சியமையால் பலர் உழைப்பு வீணாகிறது. தொழில் வளர்ச்சியே அதற்கு மருந்து என முடிவு கண்டார். உபரி உழைப்பைப் பற்றி ஆர்தர் லூயிஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1954இல்தான் வெளிவந்தது.

இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. நடவும் கரும்பு வெட்டும் முடிந்தால் கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கூலியாளுக்கு வேலை அரிது. கல்வராயன் மலைமக்களும் பிழைப்பு நாடி வெளியூர் செல்கின்றனர். வேலையற்றவனைச் சோம்பேறி என இகழ்வார் உளர். குறை உழைப்பவனிடம் இல்லை, உழைக்க இடந்தராத அமைப்பிலேயே உள்ளது என்பதே அண்ணலின் ஆய்வு நமக்குத் தரும் விடை.

1920இல் மீண்டும் இலண்டன் சென்ற அண்ணல், 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றார். அக்காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தோன்றின. தொழிலாளரின் கூலியையும் வாழ்நிலையையும் நேரில் ஆராய 1944இல் ரேகே குழு அமைக்கப்பட்டது. வாரம் 54 மணியாக இருந்த ஆலை வேலைநேரம் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தால் 48 மணியாகக் குறைந்தது. 1956 டிசம்பர் 6ஆம் நாள் அண்ணல் மறைந்தார்.

இளைஞர்களே! கணக்கைக் கண்டு அஞ்சாதீர். நம் தெருவில் எத்தனை பேருக்கு, ஆண்டில் எத்தனை நாள், என்ன கூலிக்கு வேலை கிடைக்கிறது என எண்ணி எழுதுங்கள். கணக்கோடு வைக்கும் கோரிக்கையை எவரும் எளிதில் தள்ளிவிட இயலாது. அண்ணல் காட்டிய கல்வி நெறி அதுவே.