மனம் அடங்கப் பாடிய மேதை: உஸ்தாத் அப்துல் கரீம் கான்

மதிலழகுக்குப் பெயர்பெற்ற விரிஞ்சிபுரத்தின் ஓரமாய் மணல் பரப்பிக் கிடக்கும் நம் பாலாறு, வாலாசாவையும் காஞ்சி எல்லையையும் கடந்து செங்கற்பட்டின் அருகே சென்று, பின் கடலை அடைகிறது. அச்செங்கற்பட்டுக்குச் சற்று வடக்கே சிங்கப்பெருமாள் கோவில் என்னும் இரயில் நிலையம் உள்ளது. இந்துஸ்தானி இசையின் பெருமேதை ஒருவர் 1937 அக்டோபர் 27 அன்று இறுதி மூச்சு விட்ட இடம் அது. வடபுலத்தில் பிறந்து நம் மண்ணில் மறைந்த அவரை நம் மாணவர் பலர் அறியார். ஆதலின் அவர் வரலாற்றை இம்மலரில் சிறிது விரித்துரைக்க விழைகிறோம்.

இன்றைய உத்தரப்பிரதேசத்தைச் சார்ந்த கைரானாவில், இசையே குலத்தொழிலான குடும்பத்தில் 1872இல் அவர் பிறந்தார். அவ்வூர்ப் பெயராலேயே அவர் வளர்த்த இசைமரபு கிரானா கரானா என வழங்குகிறது. இளமையில் பரோடா அரசவையில் பாடினார். பின்னர் மராட்டிய மண்ணிலுள்ள மிரஜ் நகரைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். 1913இல் புனேயில் ஆரிய சங்கீத வித்தியாலயம் என்னும் பள்ளியை நிறுவினார். ஒரு முஸ்லிம் ஆசானிடம் பயின்று புகழ்பெற்ற இந்து மாணவர்களுள் சவாய் கந்தர்வர் தலையாயவர். ரோஷன் ஆரா பேகமும் இவரிடம் பயின்றவரே.

அவர் இசையின் தனித்தன்மை நிதானம். ஒரு சுரத்தைத் தொட்டால் அதன் உள்ளீடு முழுவதும் புலப்படும் வரை அதை விட்டு நகரமாட்டார். வீணையும் சாரங்கியும் அறிந்தவர். பழுதான தம்பூராவைத் தம் கையாலேயே செப்பம் செய்யக்கூடியவர். தம்பூராவின் குதிரைக்கும் தந்திக்கும் இடையே இடப்படும் ஜீவாளி நூல் இம்மி விலகினாலும் நாதம் மங்கிவிடும். தோலைத் தடவிப் பார்த்தே தரம் சொல்லும் கைகளை ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நாம் கண்டிருக்கிறோம். அத்தகைய நுண்மை அவர் செவிக்கு வாய்த்திருந்தது.

மைசூர் அரசவைக்கு வந்துபோன நாள்களில் கருநாடக இசை அவரை ஈர்த்தது. சுரங்களைப் பெயர் சொல்லிப் பாடும் முறையைத் தெற்கிலிருந்து பெற்றுத் தம் பாட்டில் இணைத்தார். கரகரப்பிரியாவில் அமைந்த தியாகராசர் கீர்த்தனை ஒன்றை இசைத்தட்டிலும் பாடிவைத்தார். வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று ஐயத்தோடு நோக்கிய காலத்தில் இது சிறு செயலன்று.

இசை குறித்து நம் சமுதாயப் பெரியோரிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதை நாம் அறிவோம். அவ்வழக்கில் தீர்ப்புரைப்பது நம் பணியன்று. ஆயினும் இசை உள்ளத்தை எவ்வாறு ஆள்கிறது என்னும் வினாவைத் தத்துவ மேதை அல்ஃபாராபி பத்தாம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தார். துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயசீது 1488இல் கட்டிமுடித்த மருத்துவமனையில் மனநோயாளர்க்கு இசை கேட்பிக்கப்பட்டது. அறுவை மருத்துவத்துக்குக் காத்திருப்போர் இசை கேட்டால் அச்சம் ஓரளவு தணிகிறது என்று இக்கால ஆய்வுகளும் காட்டுகின்றன. இன்ன இராகம் இன்ன நோயைத் தீர்க்கும் எனப் பட்டியலிடும் நூல்களை மட்டும் நாம் ஏற்கத் தயங்குகிறோம். அதற்குப் போதிய சான்று இல்லை. மிரஜில் கொள்ளைநோய் கண்டு கிடந்த கான் சாகிப், அங்குள்ள தர்காவில் பாடி நலம்பெற்றார் என வழிவழியாகச் சொல்லப்படுவதையும் அவருடைய பக்தியின் வரலாறாகக் கொள்வோமேயன்றி மருத்துவக் குறிப்பாகக் கொள்ளோம்.

மனத்துக்கு அவர் இசை தரும் நன்மை வேறு வகையானது. விரைவாகத் தாவும் நெஞ்சை அது ஒரு சுரத்தின்மேல் அமரச் செய்கிறது. அவருடைய மெல்லிய குரலைப் பத்து நிமிடம் கவனித்துக் கேட்பவர், தம் மூச்சும் அதன் போக்கில் நிதானப்படுவதை உணரலாம். தேர்வுக் காலத்து மாணவர் இதைச் செய்து பார்ப்பதில் செலவேதும் இல்லை. கதக் நகரச் சிறுவன் ஒருவன் கான் சாகிபின் இசைத்தட்டைக் கேட்டு நிலைகொள்ளாமல், பதினொரு வயதில் குருவைத் தேடி வீட்டைவிட்டே வெளியேறினான் என்பதும் உண்மை. அச்சிறுவனே பின்னாளில் சவாய் கந்தர்வரிடம் பயின்று, 2008இல் பாரத ரத்னாவுக்குரியவராக அறிவிக்கப்பட்ட பீம்சேன் ஜோஷி. ஆகவே, இசை எப்போதும் மனத்தை அடக்கியே தீரும் என்று நாம் அறுதியிடவில்லை!

1937இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் வழியில் அவருக்கு நெஞ்சுவலி கண்டது. சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, நடைமேடையிலேயே படுக்கை விரிக்கச் செய்தார். ஓலமிடவில்லை. தொழுகையை முடித்துத் தர்பாரி இராகத்தில் இறைவனை வேண்டிப் பாடியபடியே அவர் உயிர் பிரிந்தது என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். வாழ்நாளெல்லாம் பயின்ற நிதானம் அவ்வேளையிலும் அவரைக் கைவிடவில்லை.

உடல் மிரஜுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவர் பாடிய அதே தர்காவின் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டது. அவர் நினைவாக அங்கே ஆண்டுதோறும் இசைவிழா நிகழ்கிறது. தம்பூராவும் சித்தாரும் செய்யும் கைவினைஞர் குடும்பங்கள் அவ்வூரில் இன்றும் தொழில் நடத்துகின்றன. நம் இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய்க்கு 2023இல் கிடைத்த புவிசார் குறியீடு, மிரஜ் தம்பூராவுக்கு 2024இல் கிடைத்தது.