ஜப்பானில் கோழிக் குழம்பு வைத்த புரட்சி வீரர்!

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். மறுநாள் ஞாயிறு. பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் நாள். அடுப்பில் கோழிக் குழம்பு கொதிக்கும். வீடே மணக்கும்.

இப்போது வெளிநாட்டுச் சாப்பாட்டுச் சாமான்களும் வீடு தேடி வருகின்றன. செல்போனில் பதிவு செய்தால் போதும். அவற்றில் ஒன்று ஜப்பான் குழம்புக் கட்டி. பார்த்தால் சாக்லெட் போல இருக்கும்.

குழம்பு நம் நாட்டுப் பண்டம் ஆயிற்றே! அது எப்படி ஜப்பான்காரர்களின் பண்டம் ஆயிற்று?

அந்தக் கதையில் ஒரு வீரர் வருகிறார். அவர் தலைக்கு வெள்ளையர் அரசு விலை வைத்திருந்தது. அவர் பெயர், ராஷ் பிகாரி போஸ்.

வைஸ்ராய் மீது குண்டு

போஸ் 1886-ம் ஆண்டு வங்காளத்தில் பிறந்தார். வளர்ந்து டேராடூன் நகரத்துக்குப் போனார். அங்கே காட்டு இலாகா ஆராய்ச்சி நிலையத்தில் குமாஸ்தா வேலை பார்த்தார். பகலில் குமாஸ்தா, இரவில் புரட்சிக்காரர்!

1912-ம் ஆண்டு டிசம்பர் 23-ந்தேதி. டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு யானை மீது ஊர்வலம் வந்தார். சாந்தினி சவுக்கில் வெடிகுண்டு வீசப்பட்டது. வைஸ்ராய் படுகாயம் அடைந்தார். அவருக்குக் குடை பிடித்தவர் இறந்து போனார்.

திட்டம் போட்டவர் போஸ். அன்று இரவே அவர் ரெயில் ஏறினார். மறுநாள் ஒன்றும் தெரியாதவர் போல ஆபீசுக்குப் போய் வேலை பார்த்தார்!

உண்மை வெளியே வந்ததும் தலைமறைவானார். குண்டு வீசிய வசந்த குமார் விசுவாஸ் பிடிபட்டார். 1915-ல் தூக்கிலிடப்பட்டார். பட்டாளத்து இந்தியச் சிப்பாய்களைத் திரட்டிக் கிளர்ச்சி செய்யவும் போஸ் முயன்றார். துரோகி ஒருவன் காட்டிக் கொடுத்தான். கிளர்ச்சி தோற்றது.

1915-ம் ஆண்டு மே மாதம் கல்கத்தாவில் கப்பல் ஏறினார். கவி ரவீந்திரநாத் தாகூரின் உறவினர் என்று சொல்லிக் கொண்டார். பெயரையும் பி.என்.தாகூர் என்று மாற்றிக் கொண்டார். ஜப்பான் போய்ச் சேர்ந்தார்.

ரொட்டிக் கடையில் ஒளிந்தார்

வெள்ளையர் அங்கேயும் விடவில்லை. ஜப்பான் அரசை நெருக்கினார்கள். நாட்டை விட்டு வெளியேறும்படி போசுக்கு உத்தரவு வந்தது. கெடு சில நாள்தான். கப்பல் ஏறினால் வழியில் பிடிபடுவார். பிடிபட்டால் தூக்குமரம்!

தோயாமா மிட்சுரு என்ற செல்வாக்குள்ள ஜப்பானியர் போசை வீட்டுக்கு அழைத்தார். போலீசார் வாசலில் காத்து நின்றார்கள். போஸ் கொல்லைப்புறமாக வெளியேறினார்!

டோக்கியோவில் ஷின்ஜுகு என்ற இடத்தில் நாகமுராயா என்று ஒரு ரொட்டிக் கடை. சோமா ஐசோ என்பவரும் அவர் மனைவி கொக்கோவும் அதை நடத்தினார்கள். கடைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் போசை மறைத்து வைத்தார்கள். கடையில் வேலை செய்தவர்களுக்கும் விஷயம் தெரியும். அவர்களில் ஒருவர் வாய் திறந்திருந்தாலும் போசின் கதை முடிந்திருக்கும். ஒருவரும் வாய் திறக்கவில்லை!

சில மாதங்களுக்குப் பின், ஜப்பான் அரசு வெளியேற்றும் உத்தரவைக் கைவிட்டது. ஆனால் வெள்ளையரின் உளவாளிகள் தொடர்ந்தார்கள். போஸ் வீட்டுக்கு வீடு மாறிக் கொண்டே இருந்தார்.

தோஷிகோ

அவருக்கு நம்பிக்கையான ஒரு துணை வேண்டும் என்று தோயாமா நினைத்தார். சோமாவின் மகள் தோஷிகோவைக் கேட்டார். பெற்றோர் முடிவை மகளிடமே விட்டார்கள். ஆபத்து தெரிந்தும் தோஷிகோ சம்மதித்தாள். 1918-ல் திருமணம் நடந்தது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பிறந்தார்கள்.

1923-ல் போஸ் ஜப்பான் குடிமகன் ஆனார். இனி பயம் இல்லை. ஆனால் ஒளிந்து வாழ்ந்த வாழ்க்கை தோஷிகோவின் உடம்பைக் கெடுத்து விட்டது. 1925-ல் அவள் இறந்து போனாள். 

80 சென் குழம்பு

ஜப்பானில் அதற்கு முன்பே குழம்பு உண்டு. ஆனால் அது இங்கிலாந்து வழியாகப் போனது. கோதுமை மாவு கரைத்துக் கெட்டியாக்கியது. அதுதான் இந்தியக் குழம்பு என்று ஜப்பானியர்கள் நினைத்தார்கள். போசுக்கு மனம் பொறுக்கவில்லை. இந்தியாவின் உண்மையான ருசியைக் காட்ட நினைத்தார்.

1927-ல் நாகமுராயாவில் உட்கார்ந்து சாப்பிடும் பகுதி திறந்தார்கள். போஸ் சொல்லிக் கொடுத்தபடி அங்கே கோழிக் குழம்பும் சோறும் கொடுத்தார்கள். எலும்போடு கோழித் துண்டுகள். நல்ல மசாலா. மாவு கிடையாது.

மற்றக் கடைகளில் ஒரு தட்டு 10 சென், 12 சென். இங்கே 80 சென்! 100 சென் ஒரு யென். அப்படி இருந்தும் கூட்டம் வந்தது.

நேதாஜியிடம் கொடுத்தார்

போஸ் சமையலோடு நின்று விடவில்லை. 1942-ல் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைவர் ஆனார். 1943-ம் ஆண்டு ஜூலை 4-ந்தேதி சிங்கப்பூரில் அந்தப் பதவியை நேதாஜி சுபாஷ் சந்திர போசிடம் ஒப்படைத்தார். பதவியில் இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்படவில்லை. இந்திய தேசிய ராணுவம் நேதாஜியின் கைக்கு வந்தது. மலாயா ரப்பர் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் ஏராளமானோர் அதில் சேர்ந்தார்கள்.

1945-ம் ஆண்டு ஜனவரி 21-ந்தேதி போஸ் டோக்கியோவில் காலமானார். அதே ஆண்டு அவர் மகனும் ஒகினாவா போரில் இறந்தார். இன்னும் இரண்டரை ஆண்டு இருந்திருந்தால் போஸ் சுதந்திரத்தைப் பார்த்திருப்பார்.

திருப்பூரில் கொடி காத்த குமரன் 1932-ல் அடிபட்டு உயிர் நீத்தார். அவரும் சுதந்திரத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் சொந்த மண்ணில் போராடினார். மற்றவர் 30 ஆண்டு அந்நிய மண்ணில் போராடினார்.

நாகமுராயாவில் அந்தக் கோழிக் குழம்பு இன்றும் கிடைக்கிறது. நம் வீட்டுக்கு வரும் கட்டி, மாவு சேர்ந்த பழைய வகை. வெங்காயம், உருளைக்கிழங்கு, காரட் வேக வைத்து, அடுப்பை அணைத்து, கட்டியைப் போட்டுக் கரைக்க வேண்டும். பிறகு சிறு தீயில் கொதிக்க விட வேண்டும். குழந்தைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். காரம் குறைவு.

சாப்பிடும்போது அவர்களுக்கு ராஷ் பிகாரி போசின் கதையைச் சொல்லுங்கள். தோஷிகோவின் கதையையும் சொல்லுங்கள்.