தாமஸ் ஹாப்கின்ஸ் கலாடெட்

மொழி என்பது செவிவழியே உள்ளத்திற் புகுந்து நாவழியே வெளிப்படுவது என்று உலகத்தார் நெடுங்காலம் எண்ணி வந்தனர். அதனால், செவிப்புலனின்றிப் பிறந்தோரை அறிவும் இல்லாதவர் என்றே முடிவு கட்டிப் பேதையரோடும் பித்தரோடும் ஒருங்கு வைத்தனர். இக்கொடிய தவற்றை அமெரிக்க நாட்டிலே தம் செயலால் மறுத்துக் காட்டியவர் தாமஸ் ஹாப்கின்ஸ் கலாடெட் என்னும் பெரியார். அவர் தம் வாழ்நாளின் முற்பகுதியைச் செவிப்புலனற்றோர் கல்விக்கும், பிற்பகுதியைச் சித்தம் கலங்கியோர் தேற்றத்திற்கும் அளித்தார். இவ்விரு தொண்டும் ஒருவர் வாழ்விற் கூடியது நாம் சிந்திக்கத் தக்கது.

கலாடெட் 1787-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் பிலடெல்பியா நகரிலே பிறந்தார். பின்னர் அவர் குடும்பத்தார் கனெக்டிகட் மாகாணத்து ஹார்ட்பர்ட் நகரிற் குடியேறினர். யேல் கலாசாலையிற் பயின்று 1805-இல், பதினேழு வயதிலேயே பட்டம் பெற்றார். சட்டம் பயின்றார், தாம் படித்த கலாசாலையிலேயே சிலகாலம் ஆசிரியராய் இருந்தார், வணிகத்தின் பொருட்டு ஊர் ஊராகத் திரிந்தார். மெலிந்த உடலினராதலின் எத்தொழிலிலும் நிலைத்திலர். இறுதியில் ஆண்டோவர் வேதசாஸ்திரக் கலாசாலையிற் சேர்ந்து 1814-இல் தேர்ச்சியுற்றார். ஊழியத்திற்கு ஆயத்தமாய் நின்ற அவரை அவ்வாண்டில் நேர்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று வேறு வழியிற் செலுத்திற்று.

ஹார்ட்பர்ட்டில் மேசன் காக்ஸ்வெல் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். அவர் மகள் ஆலிஸ் இரண்டு வயதிற் கண்ட காய்ச்சலாற் கேள்வியையும் அதன்பின் பேச்சையும் இழந்தவள். ஏனைய சிறுவர் விளையாட, அவள் தனியே நிற்றலைக் கண்ட கலாடெட், தம் தொப்பியைக் காட்டி, அதன் பெயரைத் தரையில் எழுதி, இரண்டிற்கும் உள்ள தொடர்பை அவள் உணரச் செய்தார். ஒன்பது வயதுச் சிறுமியின் அறிவு மங்கியதன்று, அடைபட்டிருந்ததே என்பது அவருக்கு விளங்கிற்று. அடைபட்டதனைத் திறக்கும் முறையைக் கற்று வருமாறு, காக்ஸ்வெல்லும் நகரத்துப் பெருமக்களும் பொருள் தொகுத்து, 1815-இல் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினர்.

இங்கிலாந்தில் இக்கல்வி பிரெயிட்வுட் என்னும் குடும்பத்தாரின் உரிமைப் பொருள்போல் இருந்தது. அவர்கள் தம் முறையை மறைபொருளாகப் போற்றினர். கற்க வருவோர் ஆண்டுக்கணக்கில் உழைக்கவும், அம்முறையைப் பிறர்க்குச் சொல்லாதிருக்கவும் வேண்டும் என்றனர். கல்வியைப் பூட்டி வைத்தற்குக் கலாடெட் உடன்படவில்லை. அக்காலத்தில் இலண்டனுக்கு வந்திருந்தார் பாரிஸ் நகரத்துப் பள்ளியின் தலைவராகிய சிகார்டு பாதிரியார். அவரும் அவர்தம் மாணாக்கராகிய மாசியூ, லாரெண்ட் கிளார்க் என்னும் இருவரும், அவையோர் வினவிய அரிய வினாக்களுக்கு விடையெழுதிக் காட்டியதைக் கண்டு கலாடெட் வியந்தார். சிகார்டு எதனையும் ஒளித்திலர். பாரிஸுக்கு வருமாறு அன்போடு அழைத்தார். கலாடெட் அங்குச் சென்று சைகை மொழியைக் கற்கலானார்.

தாம் சிறிது கற்று மீளுதலினும், அம்மொழியிலேயே வாழ்பவர் ஒருவரை உடன்கொண்டு செல்லுதலே தக்கதென உணர்ந்து, அவர் கிளார்க்கை அழைத்தார். கிளார்க் பிள்ளைப் பருவத்திலேயே கேள்வியை இழந்தவர். அப்போது பாரிஸ் பள்ளியிற் சிறந்த ஆசிரியர். 1816-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இருவரும் கப்பலேறினர். ஐம்பத்திரண்டு நாட் பயணத்தில் கிளார்க் கலாடெட்டுக்குச் சைகை கற்பித்தார். கலாடெட் கிளார்க்குக்கு ஆங்கிலம் கற்பித்தார். ஒருவர்க்கொருவர் ஆசானும் மாணாக்கனும் ஆகிய அந்நட்பே பின்னர் எழுந்த பள்ளிக்கு அடிக்கல்லாயிற்று.

அமெரிக்கா சேர்ந்த பின்னர் இருவரும் நகர்தோறும் சென்று பொருள் திரட்டினர். கிளார்க் எழுதிய உரையைக் கலாடெட் அவையில் வாசிப்பார். அவையோர் வினாவைச் சைகையாற் கிளார்க்குக்கு உணர்த்துவார். இங்ஙனம், இரு மொழியினர்க்கு இடையே நின்று பொருள் மாறாது எடுத்துச் செல்லும் மொழிபெயர்ப்பாளராகவும் அவர் விளங்கினார். மாகாணச் சட்டசபை 5,000 டாலர் வழங்கிற்று. 1817-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ஹார்ட்பர்ட்டில் ஏழு மாணாக்கரோடு பள்ளி தொடங்கிற்று. அவருள் ஆலிஸும் ஒருத்தி. 1819-இல் ஐக்கிய நாட்டரசு அலபாமாப் பகுதியிற் பெருநிலம் ஒன்றை அப்பள்ளிக்கு அளித்தது. பிரெஞ்சுச் சைகைகளும், மாணாக்கர் தம் ஊர்களிலிருந்து கொணர்ந்த சைகைகளும் அங்கே கலந்து, அமெரிக்கச் சைகை மொழி வளர்ந்தது. 1821-இல் அப்பள்ளியின் மாணவியாயிருந்த சோபியா பௌலர் அம்மையாரைக் கலாடெட் மணந்தார். இருவர்க்கும் எண்மர் மக்கள் பிறந்தனர்.

1830-இல் அவர் தலைமைப் பதவியினின்று நீங்கினார். அவ்வாண்டு டிசம்பரிற் காக்ஸ்வெல் காலமானார். தந்தையைப் பிரிந்த பதின்மூன்றாம் நாள் ஆலிஸும் இருபத்தைந்து வயதில் உயிர் நீத்தாள். அதன்பின் கலாடெட் சிறுவர்க்கேற்ற நூல்கள் எழுதிக் காலம் போக்கினார். 1838-இல் ஹார்ட்பர்ட் உளநோயாளர் இல்லம் அவரைத் தன் குருவாக அழைத்தது. அவ்வில்லம் 1824-இல் திறக்கப்பட்டது; அதனைத் தோற்றுவித்தவருள் காக்ஸ்வெல்லும் ஒருவர். அதன் முதற்றலைவர் ஈலை டாட் என்னும் மருத்துவர், சங்கிலியும் சவுக்கும் இன்றி, அன்பாலும் நல்லொழுங்காலும் நோயாளரைப் பேணும் முறையை அங்கு நிறுவியிருந்தார். அமெரிக்காவில் இத்தகைய இல்லங்களில் முதன்முதல் நியமனம் பெற்ற குருமாருள் கலாடெட்டும் ஒருவர். 1851-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் இயற்கை எய்தும் வரையில் அத்தொண்டினை அவர் விட்டிலர்.

அவர்தம் மூத்த மைந்தர் தாமஸ், நியூயார்க் நகரிற் செவிப்புலனற்றோர்க்கெனத் திருச்சபை அமைத்தார். இளைய மைந்தர் எட்வர்ட், வாஷிங்டன் நகரத்துப் பள்ளிக்குத் தலைவரானார். 1864-இல் அப்பள்ளி பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. அச்சட்டத்திற் கையெழுத்திட்டவர் ஆபிரகாம் லிங்கன். 1894 முதல் அக்கலாசாலை கலாடெட் பெயரையே தாங்குகின்றது. ஆயின் 1880-இல் மிலான் நகரிற் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. எட்வர்ட் எதிர்த்தும் பயனில்லை. பல நாடுகளில் சைகை மொழி பள்ளியினின்று துரத்தப்பட்டது.

கலாடெட் தனித்தனியே ஆற்றிய இரு தொண்டும் ஒன்று கூட வேண்டிய இடம் ஒன்றுண்டு. செவிப்புலனற்றார் ஒருவர் உளநோயுற்று மருத்துவமனை புகின், அவரை அறிவார் யார்? மருத்துவர் சைகை அறியார். நோயாளர் மருத்துவர் மொழி அறியார். விரைந்தசையும் கைகளை வெறியென்றும், விடையின்மையை மூடமென்றும் கொண்டு, ஆண்டுக்கணக்கில் அவரை அடைத்து வைத்தல் எளிது. 1955-இல் நியூயார்க் மாகாண உளமருத்துவ நிலையத்தார் இவர்க்கெனத் தனி ஆராய்ச்சியும் சிகிச்சையும் தொடங்கினர். கலாடெட் பள்ளிக்கு அளிக்கப்பட்ட நிலம் இருந்த அலபாமாவிலே, அம்மாகாண மனநலத் துறை 2003-இல் சைகை மொழிபெயர்ப்பாளர்க்கு உளமருத்துவத் துறைக்கேற்ற பயிற்சியைத் தொடங்கிற்று.

அப்பயிற்சி ஏன் வேண்டும்? பிறவிடங்களில் மொழிபெயர்ப்பாளர் சிதறிய சொற்களைக் கோவைப்படுத்திச் சொல்லுதல் நன்றெனத் தோன்றும். இங்கோ அச்சிதறலே நோயின் குறியாதல் கூடும். அதனைச் சீர்செய்து கூறின் நோய் மறையும், மருத்துவர் ஏமாறுவர். மற்றொருவர் இளமையில் எம்மொழியும் முழுமையாகக் கல்லாமையால் தடுமாறுவார். அதனை நோயென்று கொள்ளின் நோயில்லார் நோயாளராவர். காணாக் குரல் கேட்கின்றதோ என்னும் வினாவும், பிறவியிலேயே கேள்வியற்றவரிடம் அங்ஙனமே கேட்கத் தக்கதன்று. சைகையின் வடிவும் வேகமும் பிறழ்ந்தவாற்றை உள்ளபடி மருத்துவர்க்கு உரைத்தலும், நோய் இன்னதெனத் தாமே தீர்மானியாதிருத்தலும், கேட்ட துயரங்களால் தம் உளம் தளராது காத்தலும் அவர் கற்க வேண்டுவன.

மாணவ நண்பர்காள்! கலாடெட் பெரும் பொருளோ வலிய உடலோ படைத்தவரல்லர். பிறர் அறிவில்லை என்று விட்ட இடத்தில் மொழியில்லாமையைக் கண்டார். அதுவே அவர் பெருமை. ஒருவர் கூறுவது நமக்கு விளங்காதபோது, குறை அவரிடத்ததோ நம்மிடத்ததோ என ஒருகணம் ஆராய்தல், நாம் பெற்ற கல்விக்கு அழகாகும்.