வெயிலை ஆய்ந்த வேதியியலறிஞர்

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளங்களில் கோடைவெயில் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியும். பாத்தியில் தேக்கிய உவர்நீர் நாளுக்குநாள் வற்ற, அடியில் உப்பு விளைகிறது. அதே வெயில் கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு வேலையையும் செய்கிறது. நீரில் கலந்துள்ள வேதிப்பொருள்கள் சிலவற்றின் பிணைப்பை உடைத்து வேறு பொருள்களாக மாற்றுகிறது. மறைவாக நிகழும் இத்தகைய மாற்றங்களை ஆராய்வதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் நீல் ரத்தன் தர்.

அவர் 1892ஆம் ஆண்டு, இன்றைய வங்காளதேசத்திலுள்ள ஜெசோரில் பிறந்தார். கொல்கத்தாவில் பிரபுல்ல சந்திர ராயிடம் வேதியியல் பயின்றார். இலண்டனிலும் பாரிசிலும் ஆய்வுப் பட்டங்கள் பெற்று, 1919இல் தாயகம் திரும்பி அலகாபாத்தில் பேராசிரியரானார். அங்கு ஆண்டின் பெரும்பகுதி காயும் வெயிலே அவருக்குச் செலவில்லாத ஆய்வுக்கருவியாயிற்று.

மண்ணிலுள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவன நுண்ணுயிர்களே என்பது அக்கால அறிவியல் கொள்கை. தரும் அவருடைய மாணவர் கோபால ராவும் அம்மோனியாக் கரைசலில் டைட்டானியம் ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு போன்ற பொடிகளை இட்டு ஒளியில் வைத்தனர். நுண்ணுயிரின் துணையின்றியே அம்மோனியா ஆக்சிசனேற்றம் அடைந்தது. 1931இல் இம்முடிவை வெளியிட்டு, மண்ணிலும் வெயில் இவ்வாறே செயல்படுகிறது என்று தர் வாதிட்டார். பலர் மறுத்தனர். மண்ணைப் பொறுத்தவரை நுண்ணுயிர்களின் பங்கே பெரிது என்பதே இன்றும் நிலைத்த கருத்து. எனினும், ஒளியும் ஆக்சைடுப் பொடியும் சேர்ந்தால் நீரிலுள்ள பொருள் சிதையும் என்னும் உண்மை பிற்காலத்தில் பெரும்பயன் தந்தது.

1972இல் ஜப்பானிய அறிஞர்கள் புஜிஷிமா, ஹோண்டா ஆகியோரின் ஆய்வு டைட்டானியம் ஆக்சைடின் மீது உலகின் கவனத்தைத் திருப்பியது. புறஊதாக் கதிர் படும்போது அப்பொடியில் ஓர் எலக்ட்ரான் இடம்பெயர்கிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடம் நீரிலிருந்து எலக்ட்ரானைக் கவர, ஹைட்ராக்சில் என்னும் வினைத்திறன் மிக்க கூறு உருவாகிறது. அது சாயம், பூச்சிக்கொல்லி ஆகியவற்றின் மூலக்கூறுகளைப் படிப்படியாகச் சிதைக்கிறது. முழுமையாகச் சிதைந்தால் அவற்றிலுள்ள கரிமம் கரியமில வாயுவாகிவிடும். ஆயினும் சூரிய ஒளியில் புறஊதாக் கதிரின் பங்கு சிறிது. நீரில் கலந்த பொடியை மீட்பதும் கடினம். இத்தடைகளை வெல்லும் ஆய்வுகள் இன்றும் தொடர்கின்றன.

ஆலைக் கரும்பின் கழிவுப்பாகைக் கொண்டு களர்நிலத்தை விளைநிலமாக்கும் வழியையும் தர் ஆராய்ந்தார். எளிமையாக வாழ்ந்து, ஈட்டிய பொருளைக் கல்விக்கும் ஆய்வுக்கும் வழங்கினார். தம் துணைவியார் ஷீலாவின் பெயர் தாங்கிய மண்ணியல் ஆய்வு நிறுவனத்தை அலகாபாத்தில் வளர்த்தார். 1986இல் மறைந்தார். அவர் நினைத்த இடத்தில் அவர் கொள்கை முழுமையாக நிலைபெறவில்லை. ஆனால் அவர் வெயிலில் வைத்த கரைசல் காட்டிய வழி, மாசுற்ற நீரைத் தூய்மையாக்கும் முயற்சிகளில் இன்றும் தொடர்கிறது.