அரசியின் பொய்முடி

இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் 1533ஆம் ஆண்டு பிறந்து, 1558இல், தமது 25ஆம் வயதில், அரியணை ஏறினார். 1562 ஒக்டோபரில் ஹாம்ப்டன் அரண்மனையில் வைசூரி அவரைப் பற்றியது. வாரிசு குறிக்கப்படாத நிலையில் அமைச்சர் கலங்கினர். அரசியார் பிழைத்தெழுந்தார்.

அருகிருந்து பணிவிடை புரிந்த மேரி சிட்னி அம்மையாரையோ அந்நோய் தொற்றி, முகத்தை உருக்குலைத்தது. கவிஞர் பிலிப் சிட்னியின் அன்னையாகிய அவர், அதன்பின் அரசவையில் தோன்றுதலைப் பெரிதும் தவிர்த்தார் என்பர்.

வைசூரியின் வடு ஆழப் பதிந்த இடத்தில் மயிர்வேர் மாயும்; மீண்டும் முளையாது. அரசியாரின் கூந்தலும் காலப்போக்கில் மெலிந்தது. அதற்கு அந்நோயும் ஒரு காரணம் என்பர். ஆயினும் அவர் ஒதுங்கினாரல்லர். தமது கூந்தலின் செந்நிறத்திலேயே பொய்முடி புனைந்து, முத்தும் மணியும் அணிந்து, அயல்நாட்டுத் தூதர்முன் நிமிர்ந்து வீற்றிருந்தார். 1599இல் எசெக்ஸ் பிரபு முன்னறிவிப்பின்றிப் பள்ளியறையுட் புகுந்து, ஒப்பனையற்ற கோலத்தில் அவரைக் கண்டார். அப்பொழுதும் அரசியார் நிலைகுலையாது இன்முகம் காட்டியே பேசினார்.

1603இல் மறையும்வரை 44 ஆண்டுகள் அவர் ஆட்சி புரிந்தார். பொய்முடி அணிவோரை எள்ளி நகைப்பார் உளர். கூந்தலுக்கும் மகுடத்துக்கும் முடி என்னும் ஒரே சொல்லை வழங்குவது தமிழ். நோய் கவர்ந்த முடிக்கு ஈடாக ஒன்றை அணிந்து, மற்றை முடியை வழுவாது தாங்கினார் எலிசபெத். அதில் நகைப்பதற்கு யாதுளது?