சுண்ணாம்புத் தூளில் நிறம் பிரித்தவர்

திருப்பூரிலிருந்து கப்பலேறும் பனியனில் தடை செய்யப்பட்ட சாயம் இருக்கிறதா? காய்ச்சல் மாத்திரையில் வேண்டாத ரசாயனம் கலந்திருக்கிறதா? இரண்டையும் காட்டிக்கொடுப்பது ஒரே வித்தைதான். அதன் பெயர் குரோமட்டோகிராபி. அதைக் கண்டுபிடித்தவர் மிகயில் ஸ்வெட் என்னும் ருஷ்யர். ஸ்வெட் என்றால் ருஷ்ய மொழியில் நிறம் என்று பொருள்!

1872-ம் ஆண்டு இத்தாலியில் ஆஸ்டி நகரில் பிறந்தார். தாயார் இத்தாலிப் பெண்மணி. பிள்ளை பிறந்த சிறிது காலத்திலேயே கண்ணை மூடிவிட்டார். தந்தை ருஷ்ய சர்க்கார் உத்தியோகஸ்தர். பையன் வளர்ந்ததும் படித்ததும் ஸ்விட்ஸர்லாந்தில். 1896-ல் ஜெனீவாவில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு ருஷ்யாவுக்குப் போனார். அங்கே அந்தப் பட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். மறுபடியும் ஆராய்ச்சி, மறுபடியும் பட்டம்! பிறகே வார்சாவில் வேலை கிடைத்தது.

பச்சைக்குள் மஞ்சள்

இலையின் பச்சை ஒரே நிறமா, பல நிறங்களின் கலவையா? இதுதான் அவரைக் குடைந்த கேள்வி. கண்ணாடிக் குழாய் ஒன்றில் சீமைச்சுண்ணாம்புத் தூளை இறுக்கி அடைத்தார். இலைச் சாற்றை மேலே ஊற்றினார். பின்னர் சுத்தமான திரவத்தை விட்டுக்கொண்டே இருந்தார். தூளை இறுகப் பற்றிய பொருள் மேலேயே தங்கிற்று. பற்றாதது விறுவிறுவென்று கீழே இறங்கிற்று. பச்சையும் மஞ்சளுமாக, பட்டை பட்டையாக நிறங்கள் தனித்தனியே நின்றன!

1903-ல் வார்சாவில் இதைப் பற்றிப் பேசினார். 1906-ல் ஜெர்மன் சஞ்சிகையில் எழுதியபோது, நிற எழுத்து என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் பெயர் வைத்தார். தம் பெயரையும் அதில் ஒளித்து வைத்தாரோ என்னவோ!

ரசாயன நிபுணர்கள் பலர் நம்பவில்லை. தூளில் பட்டதும் நிறப்பொருளே மாறிவிடுகிறது என்றார்கள். 1915-ல் ஜெர்மன் படை வார்சாவைப் பிடித்தது. நோயாளியான ஸ்வெட் ஊர் ஊராக அலைந்தார். 1919-ல் வரோனெஷ் நகரில், 47-வது வயதில், காலமானார்.

1931-ல் ஹைடல்பர்க் விஞ்ஞானிகள் காரட்டின் நிறப்பொருளைப் பிரிக்க அவருடைய முறையைத்தான் தேடி எடுத்தார்கள். 1941-ல் அதைப் புது வழியில் வளர்த்த மார்ட்டினும் சிங்கும் வேலை பார்த்த இடம் இங்கிலாந்தின் கம்பளித் தொழில் ஆராய்ச்சிச்சாலை! 1952-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்று சுண்ணாம்புக்குப் பதில் பெரும்பாலும் நுண்ணிய சிலிக்கா. திரவத்தைப் பம்பு தள்ளுகிறது. மருந்துச் சோதனையில் ஒரு புதுமை உண்டு. எண்ணெயையும் நீரையும் சோப்புப் போன்ற பொருளால் இணைத்த தெளிந்த கலவையைக் குழாயில் ஓட்டுகிறார்கள். நீரில் கரையும் அசுத்தம், எண்ணெயில் கரையும் அசுத்தம் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் பிரித்துவிடலாம். திருப்பூர்ச் சரக்குக்கோ வேறு சோதனை. 1994-ல் ஜெர்மனி சில அஸோ சாயங்களைத் தடுத்தது. அது முதல் ஏற்றுமதித் துணியின் சாயத்தைச் சிதைத்து, அதில் புற்றுநோய் தரும் அமின்கள் பிரிந்து வருகின்றனவா என்று பார்க்கிறார்கள்.